தறிக்கூடத்துச் சர்வரில் வெப்பம், வேலைப்பளு பதிவு: இதுவரை செய்தவை

சேலம் கொண்டலாம்பட்டியில் சித்தப்பாவின் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், சேலை டிசைன் கோப்புகளையும் கூலிக் கணக்கையும் வைத்திருக்கும் பழைய கணினி ஒன்று டெபியன் லினக்ஸில் சர்வராக ஓடுகிறது. சித்திரை வெயிலில் அது எவ்வளவு சூடாகிறது, எந்த நேரத்தில் திணறுகிறது என்பதை ஊகத்துக்கு விடாமல் எண்களாகவே பார்க்க விரும்பினேன். புரொமீதியஸ், கிராபானா போன்ற பெரிய கண்காணிப்பு மென்பொருள் ஏற்பாடுகள் இந்த ஒற்றைக் கணினிக்கு மிகை என்பது என் எண்ணம். கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டும், அதை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இயக்கும் கிரான் என்ற லினக்ஸ் கருவியும் போதும்.

வன்பொருள் விவரம் எளிதில் முடிந்தது. டிஎம்ஐடிகோட் கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையோடு இயக்கினால், ரேம் சிலாட்டுகளில் எது காலி என்பது வரை தெரிந்துவிடுகிறது.

வள அளவுகளில்தான் நிதானம் வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவிலுள்ள ஸ்டாட் கோப்பின் முதல் வரியில் இருப்பவை சதவீதங்கள் அல்ல. கணினி துவங்கியது முதல் பயனர் வேலை, கெர்னல் வேலை, சும்மா இருத்தல் என ஒவ்வொன்றிலும் சிபியு கழித்த நேரம், பொதுவாக நொடியில் 100இல் ஒரு பங்கு என்ற அலகில், கூடிக்கொண்டே வரும் தொகைகள். மின் மீட்டரின் ரீடிங்கைப் போல, முந்தைய அளவைக் கழித்தால்தான் அந்த நிமிடத்துக் கணக்கு கிடைக்கும். நினைவகத்தில், முற்றிலும் காலியாக இருப்பதை மட்டும் சொல்லும் 'மெம்ஃப்ரீ' எண்ணைக் காட்டிலும், கெர்னல் 3.14இல் சேர்க்கப்பட்ட 'மெம்அவைலபிள்' எண்ணையே பதிகிறேன். கோப்புகளை விரைவாக எடுக்கக் கேஷாகப் பிடித்துவைத்திருப்பதில் தேவைப்பட்டால் விடுவிக்கக்கூடியதையும் அது கணக்கில் கொள்கிறது.

வெப்பநிலை, வன்பொருள் உணரிகளின் அளவுகள் இருக்கும் எச்டபிள்யூமான் அடைவில் டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கிடைக்கிறது. 67000 என்றால் 67 டிகிரி செல்சியஸ். அந்த அடைவுகளின் வரிசை எண் மறுதுவக்கத்தில் மாறக்கூடும் என்பதால், உள்ளே இருக்கும் 'நேம்' கோப்பைப் படித்து சிபியு வெப்ப உணரியான 'கோர்டெம்ப்' எங்கிருக்கிறது என்று ஸ்கிரிப்ட்டே தேடிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன்.

பயன் தெரிந்தது இந்த இடத்தில்தான். பகலில் அறையின் சூடு ஏறி இறங்குவதால், தறிகள் நின்றபின் நடக்கும் இரவு பேக்கப் நேரத்தை மட்டும் ஒப்பிட்டேன். வேலைப்பளு அதேதான், ஆனால் சிபியு வெப்பம் மெல்ல ஏறி, ஃபேன் சுழற்சியும் உச்ச வேகத்தை எட்டி அங்கேயே நின்றது. பெட்டியைத் திறந்து ஃபேனைக் கழற்றியபோது, சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசு கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. விரலால் பற்றி இழுத்தால் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. பிளோயர் அடித்துத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டும் புதிதாக வைத்த பிறகு, அதே பேக்கப்பின்போது வெப்பம் 11 டிகிரி குறைவாகப் பதிவானது. தறிக்கூடத்து அறைகளில் கணினி வைத்திருப்போர் ஃபேன் வேகத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பேன்.

பேக்கப்பின்போது சிபியு பெரும்பாலும் சும்மா இருந்தும், பணிகளின் சராசரி எண்ணிக்கையான லோட் ஆவரேஜ் ஏறியது. லினக்ஸில் அந்த எண், வட்டுக்காகக் காத்துக்கிடக்கும் பணிகளையும் சேர்த்தே எண்ணப்படுவது. எனவே சந்தேகம் ஹார்டு டிஸ்கின் மேல் திரும்பியது. வட்டு தன் நலத்தைத் தானே பதியும் ஸ்மார்ட் அளவுகளில், படிக்கச் சிரமப்படும் பகுதிகளை எண்ணும் 197ஆம் எண்ணுள்ள 'பெண்டிங் செக்டர்' பூஜ்யமாக இல்லை. டிசைன் கோப்புகளை அன்றே வேறொரு வட்டுக்கும் படியெடுத்துவிட்டேன். இப்போது, பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளை எண்ணும் 5ஆம் எண், 197ஆம் எண் இரண்டையும் தினம் ஒருமுறை பதிகிறேன். அந்த எண்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், ஆடித் தள்ளுபடிக்குள் புதிய எஸ்எஸ்டி வாங்கிவிடலாம் என்று சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.