கிளிப்பச்சைச் சுவரும் எட்டு முழ வேட்டியும்

ஈரோட்டுப் பக்கம், கல்யாணம் பேசி முடிக்கும் உறுதிவார்த்தைக்கு நாள் குறித்த வீடு. ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து உட்காரப்போகும் முன்னறை முழுக்கக் கிளிப்பச்சை. வீட்டுக்காரரே ஷேடு கார்டில் விரல் வைத்துக் காட்டிய நிறம்தான். கார்டில் தபால்தலை அளவில் சாதுவாக இருந்தது, நானூறு சதுர அடிக்கு விரிந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டது. இப்போது அதை வெள்ளையாக்க வேண்டும்.

“ஏனுங்ண்ணா, ரெண்டு கோட்டு அடிச்சா மறைஞ்சிருமுங்களா?”

“மறையாதுங்க. பிரைமர் போடோணும்.”

“அதும் வெள்ளை, இதும் வெள்ளை. எதுக்குங்க ரெண்டு வெள்ளைக்குக் காசு?”

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வராமல் ஒரு டின்னும் திறப்பதில்லை. பிரைமர் என்பது அடிப்பூச்சு, மேலே அடிக்கும் எமல்ஷன் பெயிண்டைவிட விலை குறைவு. அதைத் தவிர்த்தால் எமல்ஷன் மூன்றாவது, நாலாவது கோட்டுக்குப் போகும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 50 கழித்தால் 390. பிரைமர் லிட்டருக்கு சுமார் 100 சதுர அடி பிடிக்கும், ஆக ஒரு கோட்டுக்கு 4 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால் 4 லிட்டரில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை இறுக்கி மூடி வைக்கட்டும். பந்தக்கால் உரசும் இடத்துக்கு வேண்டியிருக்கும்.

பெயிண்டர் முதலில் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். மாவு ஒட்டவில்லை, எமல்ஷன்தான். கழுவி, லேசாக உப்புத்தாள் போட்டால் போதும். ஒட்டியிருந்தால் அது டிஸ்டம்பர், மாவாக உதிரும் மலிவுப் பெயிண்ட்; சுரண்டியே ஆக வேண்டும். மாவின் மேல் அடித்த பிரைமர் மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. ஆயில் பெயிண்ட் அடித்த சுவராக இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் வேகவைத்த மொச்சைத் தோல் மாதிரி கழன்றுவரும்.

அடுத்து அவர் செய்த காரியத்தில்தான் வீடு இரண்டுபட்டது. நாலு லிட்டர் பிரைமரில், நிறம் கூட்டும் கறுப்பு ஸ்டெய்னரை ஊற்றினார். எல்லாம் ஒரு 5 மில்லிதான்.

“ஏம்பா, கல்யாண ஊட்ல கறுப்பு ஊத்தறயே, உனக்கே நல்லா இருக்குதா?” என்று ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

வெள்ளை நிறமி ஒளியைச் சிதறடித்துத்தான் மறைக்கும். சிதறாமல் உள்ளே நுழையும் மிச்ச ஒளி, அடியிலிருக்கும் பச்சையைத் தொட்டுவிட்டு வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். துளிக் கறுப்பு கலந்தால் அந்த மிச்சத்தை அது விழுங்கிவிடும். வெளிறிய சாம்பல் நிறத்தோடு நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டினால் அந்தச் சாம்பலை மறைக்க இன்னொரு கோட்டு அழ வேண்டும். இவ்வளவையும் ஆத்தாவிடம் சொல்ல முடியுமா? “இது திருஷ்டிப் பொட்டுங்க ஆத்தா” என்றார் பெயிண்டர். விவகாரம் முடிந்தது.

அறைச் சாமானெல்லாம் பீரோ நிற்கும் சுவர் ஓரம் அடுக்கியிருந்ததால் மற்ற மூன்று சுவரை முதலில் முடித்தார்கள். பிரைமர் காய்ந்து, நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு கோட்டு எமல்ஷன். மறுநாள் காலையில் இரண்டு புகார்.

ஒன்று, கட்டில் போட்டிருந்த இடத்தில் மங்கலாக ஒரு தலை. வீட்டுத் தாத்தா, அப்பாரு, வருசக்கணக்கில் சாய்ந்து உட்கார்ந்த இடம். தேங்காயெண்ணெய், தண்ணீரில் கலக்கும் பிரைமரைத் தாண்டி வந்துவிட்டது. இதற்கு மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் அப்பாரு எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, டர்பென்டைனில் கலக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட்டு போட்டு, அது நன்றாக உலர்ந்ததும் மறுபடி எமல்ஷன். எண்ணெய்க்கும் அடுப்புப் புகைக்கும் இதுதான் வழக்கமான வழி. வேலை தொடங்கும்போது கட்டிலை நகர்த்தியதுமே அந்த இடத்தைப் பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

இரண்டாவதுதான் பெரிய சண்டை. ஜன்னலையொட்டிய வெள்ளைச் சுவர் இளம்பச்சையாகத் தெரிகிறது. “தண்ணி சேத்து ஊத்திட்டீங்களாட்ட இருக்குது” என்கிறார் வீட்டுக்காரர். டின்னில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றும் ஆட்கள் உண்டு, அப்போது அடிநிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். இங்கே சுவர் முழுக்க ஒரே சீராகப் பச்சை. ராத்திரி டியூப்லைட்டில் வெள்ளையாகத்தான் இருந்தது என்று வீட்டுக்கார அம்மணியே சொல்கிறார்.

பெயிண்டர் எதுவும் பேசவில்லை. வேட்டி இரண்டு கேட்டார். ஈரோட்டில் வேட்டிக்கா பஞ்சம்? கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த எட்டு முழமே வந்தது. எட்டு முழம் பன்னிரண்டடி, சுவர் அகலமும் பன்னிரண்டடி. பீரோவையும் மூட்டைகளையும் நடு அறைக்குத் தள்ளி, இன்னும் அடிக்காத அந்தக் கிளிப்பச்சைச் சுவரில், காலை வெயில் நேராக விழும் உயரத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஆணி அடித்துக் கட்டினார். எதிரே இருந்த ஜன்னல் சுவர் அந்தக் கணமே வெள்ளையாகிவிட்டது. வெயில் பச்சையில் பட்டு எதிரே தெறித்த நிறம்தான் அவ்வளவும். நாலு சுவரும் முடியாமல் ஷேடைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

வீட்டுக்காரர் மூன்று தரம் வேட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒத்துக்கொண்டார். “நாளைக்கு இந்தச் சுவத்துக்குப் பிரைமர் உட்டர்லாமுங்க” என்று சொல்லிக்கொண்டே பெயிண்டர் வேட்டியை அவிழ்த்து மடித்தார். மடித்தவர் நின்றுவிட்டார். ஜரிகைக் கரை வரைக்கும் பச்சை மாவு.

“ஏனுங்க, இந்தச் சுவுரு எமல்ஷன் இல்லீங்களா?”

“பீரோ மறைக்கற சுவருதானுங்களே... அதுக்கு மட்டும் டிஸ்டம்பர் போதும்னு அப்போ நாந்தான் சொன்னனுங்க.”

உள்ளேயிருந்து ஆத்தா வேட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயிண்டர் சுரண்டியைத் தேடப் போனார்.