பள்ளி நிதி திரட்டலில் சிந்திப்போகும் பவுண்டுகள்

பிரிட்டனில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது பள்ளியின் நிதி திரட்டும் தாள் ஒன்று வந்து சேரும். மலாவியில் ஒரு பள்ளிக்கு மதிய உணவு, கென்யாவில் ஒரு கிணறு என்று ஏதோ ஒன்றுக்காகச் சீருடை இல்லாத நாள் (காசு கொடுத்துச் சொந்த உடையில் வருவது), கேக் விற்பனை, ஸ்பான்ஸர் நடை (பிள்ளை நடப்பதற்காகத் தெரிந்தவர்கள் படிவத்தில் பெயர் எழுதிப் பணம் தருவது). பிள்ளைகளும் ஆசிரியர்களும் போடும் உழைப்புக்குக் குறைவே இல்லை. பணம்தான் வழியில் சிந்துகிறது. அதிகம் சிந்துவது ஸ்பான்ஸர் படிவத்தில்.

அந்தப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் என்றொரு கட்டம் இருக்கும். வரி கட்டும் ஒருவர் 1 பவுண்ட் கொடுத்து அதில் டிக் போட்டால், தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பேர் ஆளுக்கு 5 பவுண்ட் கொடுத்தால் 50. பத்துப் பேரும் டிக் போட்டிருந்தால் 62.50. யாரும் கூடுதலாக ஒரு காசு தரவேண்டியதில்லை. ஆனால் டிக் மட்டும் போதாது. கொடுப்பவரின் பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோட், தொகை, பணம் கொடுத்த தேதி எல்லாம் வேண்டும். அலுவலக முகவரி எழுதினால் செல்லாது. ‘குமார் குடும்பம்’ என்று எழுதினாலும் செல்லாது. கணவனும் மனைவியும் தனித்தனி வரியில் எழுத வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அப்பாவின் பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயராக இருக்கும், அம்மாவுக்கு வேறு கடைசிப் பெயர், தாத்தாவுக்கு இனிஷியல் மட்டும். பிள்ளையே எல்லோருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தில், ஒரே கடைசிப் பெயரில் நிரப்பிவிடும். சம்பளச் சீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அவரவர் கையால் எழுதுவதே சரி. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி 20 பவுண்ட் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வரி கட்டாதவர் என்பதால் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கட்டும்.

நல்லெண்ணத்தில் நடக்கும் ஒரு தவறைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வகுப்பில் சேர்ந்த சில்லறையையெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ தாம் வாங்கிக்கொண்டு, தம் கார்டிலிருந்து மொத்தமாக இணையத்தில் செலுத்திவிட்டு, கிஃப்ட் எய்டுக்கும் டிக் போட்டுவிடுவார். அது அவர் கொடுத்த பணம் அல்ல. அதற்குக் கிஃப்ட் எய்ட் கேட்பது பொய்க் கோரிக்கை. கார்டில் செலுத்தலாம், டிக் போடக்கூடாது. கேக் விற்ற பணத்துக்கும் ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டுப் பணத்துக்கும் இதே விதிதான். பொருளோ பரிசு வாய்ப்போ வாங்கக் கொடுத்த காசு நன்கொடை ஆகாது. ராஃபிள் சீட்டை விழா நடக்கும் இடத்திலேயே அன்றே விற்றுவிட்டால் உரிமத் தொல்லையும் இல்லை.

கேக் மேசையில் நம்மவர்கள் வடையும் சுண்டலும் லட்டும் வைப்பது வழக்கம், நன்றாக விற்கவும் செய்யும். ஆனால் இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் 14 பொருட்கள் உண்டு. வேர்க்கடலையும் முந்திரியும் அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எள்ளும் கடுகும் இருப்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. கடுகு தாளித்த சுண்டலுக்கும் சீட்டு எழுதி வைக்க வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாத பிள்ளை வெறும் உளுந்துதானே என்று வடையை எடுத்துத் தின்றுவிடும். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

மேசைக்குச் சில்லறையாக 20 பவுண்டை 10, 20, 50 பென்ஸ் காசுகளாக வைத்துத் தொடங்கினால், அந்த 20 என்பதை முதலிலேயே தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் அதையும் வசூலோடு சேர்த்து எண்ணி, ‘187 வந்தது’ என்று பிள்ளைகளிடம் அறிவித்துவிட்டு, மறுநாள் 167 என்று திருத்த வேண்டிவரும். எண்ணும்போது இருவர் இருக்கட்டும், இருவரும் கையெழுத்திடட்டும்.

காசை வங்கிப் பையில் போட ஒரு கணக்கு இருக்கிறது. 1 பவுண்ட், 2 பவுண்ட் காசுகள் பைக்கு 20 பவுண்ட். 50, 20 பென்ஸ் பைக்கு 10 பவுண்ட். 10, 5 பென்ஸ் பைக்கு 5 பவுண்ட். செம்புக் காசுகள் பைக்கு 1 பவுண்ட். ஒரு காசு குறைந்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும், பையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். வீட்டுச் சமையல் தராசிலேயே முன்கூட்டிச் சரிபார்க்கலாம். 1 பவுண்ட் காசு 8.75 கிராம், 20 காசுக்கு 175 கிராம். செம்புக் காசில் ஒரு வசதி உண்டு: 2 பென்ஸின் எடை 1 பென்ஸைப் போல் சரியாக இரண்டு மடங்கு. இரண்டும் கலந்து கிடந்தாலும் 356 கிராம் என்றால் 1 பவுண்ட். வசூல் வாளியில் வெளிநாட்டுக் காசும், 2017 அக்டோபரில் செல்லாமல் போன பழைய வட்டப் பவுண்டும் விழுந்திருக்கும். எடை போடுமுன் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

சீருடை இல்லாத நாளில் வாசலில் வாளியோடு யாரும் நிற்கவேண்டாம். காசில்லாமல் வரும் பிள்ளை அந்த வாளியைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். ஆன்லைனில் கட்டச் சொல்லலாம், அல்லது மூடிய பெட்டியை வகுப்பில் ஓர் ஓரமாக வைக்கலாம்.

எதற்காகத் திரட்டுகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால் பாதி வேலை முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தரும் ஸ்காட்லாந்துத் தொண்டு நிறுவனமான மேரிஸ் மீல்ஸ் 2002-இல் மலாவியில் 200 பிள்ளைகளோடு தொடங்கியது. சத்துச் சேர்த்த மக்காச்சோளக் கஞ்சி ஒரு குவளை, அதுவும் பள்ளிக்கு வந்தால். சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதைக் காமராஜர் காலத்து மதிய உணவை அறிந்த வீடுகளுக்கு விளக்கவே வேண்டாம். பாட்டியை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். அழும் குழந்தை படங்களைச் சுவரில் ஒட்டவேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு மானம் உண்டு.

‘நம் ஊர்ப் பள்ளிக்கே அனுப்பலாமே’ என்று யாராவது சொல்லும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். இந்தியாவில் ஓர் அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ‘என் சொந்தக் கணக்குக்குப் போடுங்கள், நான் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன்’ என்று சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். மாட்டிக்கொள்பவர் அவராகத்தான் இருப்பார். நேரே இந்தியாவுக்குப் போகும் பணத்துக்குக் கிஃப்ட் எய்டும் கிடைக்காது. அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்யும், பிரிட்டனில் பதிவான தொண்டு நிறுவனம் ஒன்றைப் பிடியுங்கள். அதன் பதிவு எண்ணை அரசுப் பதிவேட்டில் பாருங்கள். இந்தியாவில் அவர்களிடம் பணம் வாங்கும் அமைப்பின் எஃப்.சி.ஆர்.ஏ. எண்ணையும், அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். இதையெல்லாம் முதல் கேக்கை அடுப்பில் வைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.