செல்ஃப் சுத்துது, வண்டி மட்டும் எடுக்கலையா?

செகண்ட் ஹேண்ட் காமன்ரெயில் டீசல் வண்டி காலையில நல்லா ஸ்டார்ட் ஆகும். ஓட்டிட்டு நிறுத்தி, அரை மணி கழிச்சு எடுத்தா மக்கர் பண்ணும். உடனே ஹை பிரஷர் பம்பை மாத்தச் சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க.

ரெயில்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்குற பொதுக் குழாய்ல, ஏறக்குறைய 200 பார் அழுத்தம் ஏறணும், அப்பதான் ஸ்டார்ட் ஆகும். இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற பாகம்) தேஞ்சிருந்தா, டீசல் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் வழியா ஓடிடும், அழுத்தம் ஏறாது. சூட்டுல டீசல் இளகும், கசிவு இன்னும் கூடும்.

சோலனாய்டு (மின்காந்தத்துல திறக்குற) இன்ஜெக்டரா இருந்தா செக் பண்றது சுலபம். எஞ்சின் சூடா இருக்கும்போதே ஆஃப் பண்ணி, நாலு ரிட்டர்ன் ஹோஸையும் கழட்டுங்க. காருக்குப் போற ரிட்டர்ன் லைன் வாயை அடைச்சிடுங்க. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு ட்யூப், ஒரு பாட்டில். 2 நிமிஷம் ஐடில்ல விடுங்க. மூணு பாட்டில்ல அடியில கொஞ்சம், ஒண்ணுல மட்டும் பாதி நிறைஞ்சிருந்தா, கோளாறு அந்த இன்ஜெக்டர்தான்.

எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்.

இன்ஜெக்டரை மாத்தும்போது அதோட அடியில வர்ற செம்பு வாஷர் புதுசாப் போடுங்க. பழசைப் போட்டா கம்ப்ரஷன் கசிஞ்சு, இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கறுப்பா இறுகிடும். இன்ஜெக்டர் தலையில எழுத்தும் எண்ணுமா கோட் (code) இருந்தா, அதை ஸ்கேனர் வச்சு வண்டியோட கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லுங்க.