பெரிய சீ, சின்ன சீ

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் எதையும் மெர்ஜ் பண்ணாதீர்கள், அவரவர் மாற்றத்தைப் பொதுக் கோடில் கலக்காதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியாயிற்று. எங்கள் டீம் பொடியன் கேட்டால்தானே. "சின்ன மாத்தம்தான்க்கா, ஃபைல் பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு பண்ணேன்" என்றான். ராத்திரி எட்டு மணிக்கு, எல்லாருடைய கோடையும் சேர்த்து புரோகிராமாகக் கட்டிப் பார்க்கிற பில்ட் சர்வர், முடியாது என்று செக்கச்செவேலென்று நிற்கிறது. கான்ஃபிக் டாட் ஹெச் என்று ஒரு கோப்பே கிடையாதாம்.

கிடையாதா? என் மேக்கில் இருக்கிறது. பொடியனின் விண்டோஸ் லேப்டாப்பில் இருக்கிறது. ரெண்டிலும் பில்ட் ஜோராக ஓடுகிறது. சர்வருக்கு மட்டும் கண் தெரியவில்லை.

எந்த பில்ட் கோளாறுக்கும் முதல் மருந்து பில்ட் ஃபோல்டரை அழிப்பது. தலைவலியோ கால்வலியோ, அத்தை முதலில் கஷாயம் வைப்பதைப் போல. சும்மா சொல்லக்கூடாது, இதில் நியாயமும் உண்டு. பில்டுக்கு வழி வகுத்துக் கொடுக்கிற சிமேக் என்ற மென்பொருள் முதல் தடவை ஓடும்போது, கோடு இருக்கிற சோர்ஸ் ஃபோல்டரின் முழுப் பாதையையும் பில்ட் ஃபோல்டருக்குள் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் நாம் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினால், "நீ அந்த வீட்டுக்காரன் இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழித்தேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி சிவப்பு.

இந்த நேரம் பார்த்து கூரியர்காரரின் போன். "மேடம், பன்னெண்டாம் நம்பர் வாசல்ல நிக்கிறேன். பூட்டியிருக்கு."

எங்கள் வீடு பழைய எண் 12, புதிய எண் 27. புதிய எண் 12 தெருவின் அந்தக் கோடியில். மாநகராட்சி புது எண் கொடுத்து எத்தனை வருஷமானாலும் அத்தைக்கு இது பன்னிரண்டுதான். ரேஷன் கார்டில் பன்னிரண்டு, கேஸ் புத்தகத்தில் பன்னிரண்டு, இப்போது முழங்கால் பட்டி ஆர்டர் பண்ணியதிலும் பன்னிரண்டு. இவர் ஒருமுறை பழைய எண்ணை பெயின்ட் அடித்து மறைக்கப் போய் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வழி சொல்லிவிட்டு வைத்தேன்.

டீம் குரூப்பில் அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம். ஒரு சீனியர், "சிமேக் சோர்ஸ் டிர் போட்டிருப்பீங்க, சிமேக் கரண்ட் சோர்ஸ் டிர்னு மாத்துங்க" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. முதலாவது, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ஃபோல்டரைக் காட்டும். இரண்டாவது, இப்போது படித்துக்கொண்டிருக்கிற சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு இருக்கிற ஃபோல்டரை. நம் ப்ராஜெக்டை வேறொருவர் தன் ப்ராஜெக்டுக்குள் சேர்த்துக்கொண்டால் மேலே இருப்பது நாம் இல்லை, அவர். அங்கேதான் பாதை புரண்டு போகும். ஆனால் எங்களை யாரும் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்னொருவர், "பாத்ல ஸ்பேஸ் இருக்கா பாருங்க" என்றார். மானேஜர் ஒரு கைகூப்பும் பொம்மை போட்டார். அதில் என்ன தொழில்நுட்பக் குறிப்பு இருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

கடைசியில் சர்வருக்குள்ளேயே நுழைந்து, ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் பட்டியல் போடும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். கோப்பு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெயரில் பெரிய சீ (கேப்பிட்டல் C) போட்டு. கோடில் அதைக் கூப்பிடுகிற இன்க்ளூட் வரியிலோ சின்ன சீ.

விண்டோஸும் மேக்கும் சாதாரணமாக பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்க்காது. எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். லினக்ஸின் மையமான கெர்னலிலேயே, நெட்வொர்க்கில் வந்துபோகும் தகவல் பாக்கெட்டுகளைக் கவனிக்கும் நெட்ஃபில்டர் பகுதியில், டிஎஸ்சிபி என்ற பெயரை ஒன்று பெரிய எழுத்திலும் மற்றொன்று சிறிய எழுத்திலும் வைத்துக்கொண்டு இரண்டு கோப்புகள் வருஷக்கணக்காக ஒரே ஃபோல்டரில் குடித்தனம் நடத்தின. ஒன்று பாக்கெட்டில் குறி போடும், மற்றது குறியைப் பார்க்கும். அதை மேக்கில் இறக்கினால் ஒன்றின் தலைமேல் இன்னொன்று உட்காரும்.

பொடியன் ஒப்புக்கொள்ளவில்லை. "நான்தான் மாத்திட்டேனேக்கா" என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். அதிலும் சின்ன சீதான். அவன் பொய் சொல்லவில்லை. ஃபோல்டரைத் திறந்து ரைட் கிளிக்கில் பெயர் மாற்றியிருக்கிறான். கோடில் யார் என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் ஜிட், விண்டோஸில் பெயரின் பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும் மாறினால் அதை சாதாரணமாக ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது. ஆக அவன் லேப்டாப்பில் புதுப் பெயர், சர்வரில் பழைய பெயர். அதை இன்க்ளூட் பண்ணுகிற வரிகள் மட்டும் சமர்த்தாகப் புதுப் பெயருக்கு மாறி மேலே ஏறியிருக்கின்றன.

இதை அவனுக்குப் போனில் விளக்க வேண்டும். உள்ளே அத்தை மிக்ஸியில் சட்னி அரைக்கிறார். நான் கத்தாமல் என்ன செய்வேன்?

"உன்கிட்ட இருக்கறது சின்ன சீ! சர்வர்ல பெரிய சீ! ரைட் கிளிக் வேண்டாம், ஜிட் எம்வி போட்டுப் பேரை மாத்து. பெரிய சீ... சீ! சீ!"

நிமிர்ந்தால் வாசல் கிரில்லுக்கு வெளியே கூரியர்காரர், பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு. "மேடம், நான் கரெக்டா பன்னெண்டுக்குத்தான் போனேன்" என்றார், அழாத குறையாக.

மிக்ஸி நின்றது. அத்தை வந்தார். "ஏம்மா, பாவம் தெருத்தெருவா அலைஞ்சு வந்த புள்ளய வாசல்ல நிக்கவச்சு சீங்கறியே, உள்ள வந்து உக்காரச் சொல்லக் கூடாதா?" என்று அவருக்கு மோர் கொடுத்தார். கூடவே, பன்னிரண்டு என்றால் எந்தப் பன்னிரண்டு என்று கேட்டுக்கொண்டு வருவதுதான் முறை என்று ஒரு வகுப்பும். போனில் பொடியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஜிட் எம்வி அடித்திருக்கிறான். சர்வர் பச்சையானது. எனக்கு மோர் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவனே கூப்பிட்டான். "அக்கா, ஆக்ஸ் டாட் சி-ன்னு ஒரு ஃபைல் என் விண்டோஸ் 10ல இறங்கவே மாட்டேங்குது. நான் எதையும் தொடலக்கா, சத்தியமா."

தொட்டிருக்க மாட்டான். ஆக்ஸ், கான், நல், பிஆர்என் எல்லாம் விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்தில் சாதனங்களுக்கு ஒதுக்கிய பெயர்கள். பின்னால் டாட் போட்டு எதை ஒட்டினாலும் விண்டோஸ் 10 அந்தப் பெயரில் சாதாரணமாகக் கோப்பு வைக்க விடாது. இந்தப் பெயரை வைத்தது பெங்களூரில் லினக்ஸைத் தவிர வேறெதையும் கையால் தொடாத எங்கள் மகானுபாவர். பெயரை மாற்றுங்கள் என்று தன்மையாகத்தான் எழுதினேன்.

"என் மிஷினில் ஓடுகிறதே" என்று பதில் வந்திருக்கிறது.