வெள்ளை நாடா கட்டிய வழி

நவம்பர் 1, 2024, வெள்ளி, குலசேகரம்

அப்பா போய் இன்றோடு பத்து நாள் ஆகிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் இன்றுதான். 1956இல் அது நடந்தபோது அவருக்கு ஒன்பது வயது. திருவிதாங்கூரில் பிறந்து, திரு-கொச்சியில் பள்ளிக்கூடம் போய், தமிழ்நாட்டில் மீசை முளைத்தவர் அவர். "மூணு சர்க்கார் மாறியாச்சு, நம்ம வீடு மட்டும் நின்ன எடத்துல நிக்குது" என்று ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் சொல்வார். இன்று அதைச் சொல்ல ஆளில்லாமல் காலை கடந்தது.

மதியம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தின்படி, 1966இல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர், 1983இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றிருக்கிறார். அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கும். பஞ்சாபிகளும் சீக்கியர்களும் அப்பாவை அப்படிக் கூப்பிட்டதாகக் கேட்ட நாள் முதல், கோபம் வரும்போதெல்லாம் அம்மாவும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்டாராம்.

நவம்பர் 7, வியாழன்

பதினாறு முடிந்தது. எரித்த இடத்தில் தென்னம்பிள்ளை வைத்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். ஒரு பெரியவர் தென்னம்பிள்ளைக்கு எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

நவம்பர் 14, வியாழன்

குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் நாள் முழுவதும் இருந்தேன். அரை நூற்றாண்டுக்கு முன்னால் ராணுவ எழுத்தர் ஒருவர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்த அம்மாவின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபடுகின்றன. இருவரும் ஒருவரே என்று சான்று கொண்டுவரச் சொன்னார்கள். போதாக்குறைக்கு, இருபத்தைந்து ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடிக்க ஆசிட் கலக்கிய கையில் ரேகை தேய்ந்துபோய், இயந்திரம் விரலை ஏற்க மறுத்தது. கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கண் அழுத்த நோயில் பார்வை ஏறக்குறையப் போய்விட்ட அம்மா, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் படமும் தேறவில்லை.

கணவர் இருந்திருந்தால் இந்தக் காகிதங்களையெல்லாம் ஐந்து நகல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வந்திருப்பார் என்று அம்மா அந்த அலுவலரிடமே சொன்னார். உண்மையில் எடுத்துத்தான் வைத்திருந்தார். பெட்டியின் அடியில் அந்த உறை கிடந்ததை இரவில்தான் கண்டேன். பெயர்த் திருத்தத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தின் வரைவும் அதில் இருந்தது. அனுப்பினாரா என்று தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அப்பாவுக்கு அமைந்த இரண்டாவது வேலை விளைதான், எங்கள் ரப்பர் தோட்டம். ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏழாண்டு போல ஆகும் என்பதால், 1983இல் வந்ததும் நட்ட கன்றுகளுக்காக 1990 வரை மரச்சீனிக் கிழங்கும் வாழையும் எங்களைக் காப்பாற்றின. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்று விடியுமுன்னே இருவரும் கிளம்புவார்கள். அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கம்பால் சருகைத் தட்டிக்கொண்டே முன்னே நடப்பார். அம்மா கத்தியோடு பின்னே போவார். "நான் காலு வச்ச எடத்துல காலு வையி" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் அப்பா அங்கே பேசுவார். பாம்புக்குப் பயந்து சொல்கிறார் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

வெற்றி நாள். 1971 போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாக்காவைத்தான் நினைப்பார்கள்; அப்பா மேற்கே, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் 9ஆவது பொறியாளர் ரெஜிமென்டில் இருந்தார். டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றைத் தாண்டி அக்கரையில் இடம் பிடித்த காலாட்படைக்குத் துணையாக டாங்கிகள் போக வேண்டியிருந்தது. ஆற்றங்கரை முழுவதும் கண்ணிவெடிகள் புதைந்திருந்தன. அவற்றை அகற்றி வழி போடுவது சாப்பர்களின் வேலை. சுத்தம் செய்த வழியின் இரு ஓரத்திலும் வெள்ளை நாடா பிடிப்பார்கள். நாடாவுக்குள் நடந்தால் உயிர், வெளியே கால் வைத்தால் இல்லை. வழி முழுதாகத் திறக்குமுன்பே எதிரியின் டாங்கிகள் நகர்வதாகச் செய்தி வந்ததால், பூனா ஹார்ஸ் படையினர் பாதி சுத்தமான கண்ணிவெடி வயலுக்குள் டாங்கிகளை இறக்கினார்கள். மறுநாள் அந்தப் படையின் அருண் கேத்தர்பால் 21 வயதில் இறந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். அப்பாவின் ரெஜிமென்டைச் சேர்ந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கும் இறந்த பின்னரே மகாவீர் சக்கரம் கிடைத்தது.

இவற்றில் ஒரு வரியைக்கூட அப்பா எங்களிடம் கதையாகச் சொன்னதில்லை. நான் கேட்டுக் கேட்டு, துண்டு துண்டாகப் பிடுங்கியவை இவை. இன்று அம்மா வைத்திருந்த கடிதக் கட்டில், '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சல் முத்திரை விழுந்த ஓர் இன்லண்ட் கடிதம் கிடைத்தது. தேதி 19.12.1971. போர் நின்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். தொழுவத்தின் ஓலையை மாற்றச் சொல்லியிருக்கிறார். தேங்காய் விற்ற கணக்கைக் கேட்டிருக்கிறார். கடைசியில், "குளத்துப் படியில் பாசி பிடித்திருக்கும். நீ இறங்காதே. ஆள் வைத்துத் தண்ணீர் எடு" என்று, அந்த மூன்று வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். தாம் உயிரோடு இருப்பதாகத் தனியே ஒரு சொல்லும் இல்லை; கையெழுத்தே போதும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு மாதம். ரயில் அப்போது நாகர்கோவிலுக்கு வரவில்லை, அது 1979இல்தான் வந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி, பெட்டியும் படுக்கையுமாக அவர் வந்து நின்றதைக் கண்டு நான் வீறிட்டேனாம். கிட்டே வராமல், விடுமுறையின் முதல் மூன்று நாளும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து என்னைப் பழக்கினார் என்று அம்மா சொல்வார்.

டிசம்பர் 22, ஞாயிறு

அம்மாவின் பார்வை மங்கத் தொடங்கிய 2019இல், அடுக்களை வாசலிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து கிணற்றடிக்கும் இடுப்பளவு உயரத்தில் அப்பா வெள்ளைக் கயிறு கட்டினார். மூங்கில் குச்சிகளை ஆறு ஆறு அடிக்கு ஒன்றாக நட்டு, திரும்ப வேண்டிய இடத்தில் இரட்டை முடிச்சும் படி இருக்கும் இடத்தில் மூன்று முடிச்சும் போட்டிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு யாருடைய துணையும் இல்லாமல் நடக்கிறார். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பழைய கயிற்றை மாற்றுவது அவர் வழக்கம்.

இந்த ஆண்டு நான் மாற்றினேன். காலையில் குலசேகரம் சந்தையடியில் கயிறு வாங்கிவந்து, பழையதைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மாலையில் அம்மா அடுக்களை வாசலில் நின்று கயிற்றைத் தொட்டு, முதல் முடிச்சை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது அப்பா கட்டு இல்லியே மக்ளே."

"நான்தாம்மா கட்டினேன். அவிழ்ந்திருமா?"

அவர் பதில் சொல்லாமல் கயிற்றை ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, என்னை முன்னால் போகச் சொன்னார். படியருகே வந்ததும் நான் நின்றேன். மூன்று முடிச்சுக்குப் பதில் இரண்டுதான் போட்டிருந்தேன்.