பெஸ்தாரி ஜெயாவில் மண், நீர் ஆய்வு: இறுதியாண்டு வேதியியல் மாணவர்களுக்கு

இறுதியாண்டு ஆய்வுக்குச் சொந்த ஊர்த் தோட்டத்தையே எடுப்பது வசதிதான். மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள பெஸ்தாரி ஜெயாவில் (பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனை, பழைய ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய நீர்), பீட் மண் (செடிகொடிகள் மட்கிச் சேர்ந்த சதுப்பு மண்) மூன்றும் அருகருகே கிடக்கின்றன. அதனாலேயே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு கேள்வி மாணவரைத் திணறடிக்கும்: "இந்த மாசு எதிலிருந்து வந்தது?" மாதிரி எடுக்கும் நாளிலேயே இதற்கான பதிலைச் சேர்த்து வைக்காவிட்டால், பிறகு எந்தக் கருவியும் அதைத் தராது.

பீட் நிலத்திலிருந்து வடியும் நீர் இயல்பிலேயே தேத்தண்ணி நிறம். பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும். கரைந்த ஆக்சிஜன் குறைவு, மட்கிய பொருளால் சி.ஓ.டி. (நீரிலுள்ள பொருளை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) அதிகம். சுற்றுச்சூழல் துறையின் நீர்த் தரக் குறியீடு பார்ப்பது ஆறே அளவுகள்: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜன்), சி.ஓ.டி., அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பி.எச். ஆகவே செம்பனை ஆலையே இல்லாத பீட் வாய்க்கால் மோசமான மதிப்பெண் வாங்கும். ஆர்செனிக் கலந்த ஈயக்குட்டை தெளிவாக இருந்தால் 'சுத்தம்' என்று தேறிவிடும். குறியீட்டை மட்டும் கணக்கிட்டு முடிவுரை எழுதாதீர்கள். ஆலைக்கு மேல்புறம் ஓர் இடம், அதே வகை மண்ணில் ஆலை நீர் சேராத வாய்க்கால் ஒன்று, இரண்டையும் ஒப்பீட்டுக்கு எடுங்கள்.

தோட்டத்துக்குள் இறங்குமுன் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். அப்படியே மண்டோரிடம் (தோட்ட வேலையை மேற்பார்ப்பவரிடம்) உரம் போட்ட தேதியையும் மருந்து அடித்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உரம் போட்ட மறுவாரம் நல்ல மழை பெய்தால் அம்மோனியா ஏறும்; தேதி தெரியாதவர் பழியை ஆலைமேல் போடுவார். வெயில் நாள் மாதிரியையும் மழை நாள் மாதிரியையும் ஒரே அட்டவணையில் சராசரி போடவும் கூடாது.

ஓடும் நீரில் கீழ்ப்புறத்தில் தொடங்கி மேல்நோக்கி நகருங்கள். இல்லையென்றால் நீங்கள் கலக்கிய சேறே அடுத்த போத்தலில் வந்து சேரும். ஈயக்குட்டைக் கரை செங்குத்து, மணல் சரியும். தனியாகப் போகாதீர்கள், நீண்ட கம்பில் போத்தலைக் கட்டி எடுங்கள்.

பாதிப் பிழைகள் போத்தலில்தான் நடக்கின்றன. கரைந்த உலோகம் வேண்டுமென்றால் முதலில் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி, பிறகுதான் அமிலம். வரிசை மாறினால் சேற்றில் ஒட்டிய உலோகமும் கரைந்துவிடும். அந்த எண்ணுக்கு அப்புறம் பொருளே இல்லை. லிட்டருக்கு 1.5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் பெரும்பாலும் போதும், பி.எச். 2-க்குக் கீழ் இறங்கியதா என்று தாளில் பாருங்கள். அம்மோனியாவுக்கும் சி.ஓ.டி.க்கும் சல்பூரிக் அமிலம். நைட்ரேட் போத்தலில் தவறி நைட்ரிக் விட்டால் அந்தப் போத்தலைக் கொட்டிவிடலாம். பி.ஓ.டி. மாதிரிக்கு அமிலமே கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள்.

பி.ஓ.டி. எழுதும்போது எத்தனை நாள், எந்த வெப்பநிலை என்று சொல்லியே ஆக வேண்டும். செம்பனை ஆலைக்கான 1977 விதிமுறைகள் 30 டிகிரியில் 3 நாள் கேட்கின்றன. வழக்கமான முறை 20 டிகிரியில் 5 நாள். சுத்திகரிக்காத ஆலைக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 25,000 மி.கி. அளவில் இருக்கும். முதலில் 100 மடங்கு நீர்த்து, அதிலிருந்து 5 மி.லி.யை 300 மி.லி. போத்தலில் இடுங்கள், ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறக்குறைய 4 மி.கி. குறையும். குறைந்தது 2 மி.கி. குறைந்திருக்க வேண்டும், 1 மி.கி.யாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சிய ஆக்சிஜன் சுழி என்று வந்தால் அது முடிவாகாது, நீர்த்தது போதவில்லை.

மண்ணில், உரம் விழுவது மரத்தடி வட்டத்தில். ஓலை அடுக்கும் இடைவரிசையின் கதை வேறு. இரண்டையும் கலந்து ஒரே பையில் போட்டால், பாறைப் பாஸ்பேட் உரத்தோடு வந்த காட்மியம் எங்கே தேங்கியது என்று தெரியாமலே போகும். ஒவ்வொன்றிலும் 0–15 செ.மீ. ஆழத்தில் 10 முதல் 15 இடத்து மண்ணைத் தனித்தனியாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு உங்கள் முடிவில் தெரியும்.

ஈய நிலத்து மண்ணை அக்வா ரீஜியாவில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையில்) செரிக்கும்போது இரண்டு பொறிகள். வெள்ளீயத் தாதான காசிட்டரைட் அதில் கரையாது. ஆக, வெள்ளீயம் குறைவாக வந்தால் 'இல்லை' என்று எழுதாதீர்கள். அடுத்தது ஆர்செனிக். அமிலத்திலுள்ள குளோரினும் கருவியின் ஆர்கானும் சேர்ந்து ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் (உலோகங்களை அணு நிறையால் பிரித்தளக்கும் கருவியில்) 75 என்ற நிறையிலேயே காட்டும், ஆர்செனிக்கின் நிறையும் அதுவே. இந்தக் குறுக்கீட்டை நீக்கும் மோதல் கலத்தை இயக்கச் சொல்லுங்கள். வெற்று மாதிரியையும் (மண் சேர்க்காமல் அமிலம் மட்டும்) சான்றளித்த மண்ணையும் (உலோக அளவு முன்பே தெரிந்தது) ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டுங்கள். சான்று மண்ணின் மீட்பு 80–120 விழுக்காட்டுக்கு வெளியே போனால் அந்தத் தொகுதியை மீண்டும் செய்ய வேண்டியதுதான்.

கண்டறி எல்லைக்கு (கருவி நம்பகமாகக் காணக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு) கீழே வந்ததை அட்டவணையில் 0 என்று போடாதீர்கள். எல்லை எவ்வளவோ அந்த எண்ணுக்கு முன் 'குறைவு' குறியை (<) போட்டு எழுதுங்கள். சராசரியில் அதை எப்படிச் சேர்த்தீர்கள் என்பதையும் செய்முறைப் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.