ஓகேயு கார்டு: பினாங்கில் பாரம் முதல் உதவித்தொகை வரை

ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) என்றதும் மலேசியாவின் பினாங்கில் நம் குடும்பங்கள் முதலில் போய் நிற்பது சமூகநல இலாகா (ஜேகேஎம்) கவுண்டரில்தான். விண்ணப்பப் பாரத்தைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். அந்த ஒரு நடை வீண். பாரத்தை ஜேகேஎம் இணையத்தளத்திலிருந்து இறக்கி, சொந்த விவரப் பகுதியை வீட்டிலேயே மலாயில் நிரப்பிக்கொண்டு, ஏற்கெனவே சிகிச்சை நடக்கும் அரசு கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேராகப் போகலாம். பதிவு கவுண்டரிலேயே “ஓகேயு பாரம் நிரப்ப வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நேரமில்லை என்று டாக்டர் இன்னொரு தேதி கொடுத்துவிடுவார்.

செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல குறைபாடுகள் என்று ஏழு பிரிவுகள். எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துத்தான் எந்த டாக்டர் என்பது. கால் எடுக்கப்பட்டவர் என்றால் கிளினிக் டாக்டர் பார்த்தாலே தெரியும். செவிக்குக் கேட்புப் பரிசோதனை அறிக்கை வேண்டும். மனநலத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா மூன்றும் கற்றல் பிரிவில் வரும். பக்கவாதம் வந்த புதிதில் டாக்டர் கையெழுத்துப் போடத் தயங்கினால் கோபப்பட வேண்டாம். முதல் சில மாதங்களில் கை கால் எவ்வளவு திரும்பும் என்று அவருக்கே தெரியாது.

டாக்டர் பக்கத்தில் கையெழுத்து, பெயர் முத்திரை, தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று அறையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். அடையாள அட்டை நகல் (குழந்தை என்றால் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் எனும் குழந்தை அடையாள அட்டை), பாஸ்போர்ட் அளவுப் படம், காப்பாளரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றையும் சேர்த்து இலாகாவிடம் கொடுக்க வேண்டும். நம்மவர்களுக்கு இடறுவது பெயரில்தான்: பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பேங்க் புக்கில் “ஏ/எல்” (இன்னாரின் மகன் என்பதன் சுருக்கம்) இல்லாமல் ஒன்று. கார்டு எப்படியோ வந்துவிடும். உதவித்தொகை கணக்கில் ஏறும்போதுதான் அது முட்டும். முதலிலேயே சரிசெய்யுங்கள்.

கார்டு வந்தால் பணமும் வந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வராது. ஒவ்வோர் உதவிக்கும் தனி விண்ணப்பம், தனி விசாரணை. 2021 பட்ஜெட்டில் உயர்த்தப்பட்ட தொகைகள் இவை: குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஓகேயுவுக்கு மாதம் 450 வெள்ளி (ரிங்கிட்), வேலை செய்ய இயலாதவருக்கு 300, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு 500. தொகையும் வருமான வரம்பும் மாறக்கூடியவை; விண்ணப்பிக்கும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். மாநில அரசின் உதவித் திட்டமான ஐ-செஜாத்ரா வேறு கதவு, அதற்கும் தனியாகப் பதிய வேண்டும்.

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வரும் நாளில் நம்மவர்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, “பரவாயில்லை, சமாளிக்கிறோம்” என்கிறார்கள். மானம் பெரிதுதான். ஆனால் அவர் எழுதிக்கொண்டு போவதும் அதையேதான். அதற்குப் பதில் ஒரு தாளில் மணிவாரியாக எழுதி வையுங்கள்: யார் எழுப்பிவிடுகிறார், யார் குளிப்பாட்டுகிறார், சாப்பாடு ஊட்ட எவ்வளவு நேரம், இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, டயப்பருக்கு மாதம் எவ்வளவு, இதற்காக வேலையை விட்டவர் யார். ஒரு நகலை அதிகாரியிடம் கொடுங்கள்.

உண்மையில் இந்தத் தாளை இலாகாவின் பாரமே கேட்க வேண்டும். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், உடற்குறையோடு சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்துதான் ஒருவரை ஒதுக்குகின்றன என்று தெளிவாகவே சொல்கிறது. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. டாக்டர் நிரப்பும் பக்கமோ உடம்பை மட்டும் பார்க்கிறது. லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும் அடுக்குமாடியில் நான்காம் மாடியில் இருப்பவரும், தரைவீட்டில் இருப்பவரும் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். ஒரே முறை வீட்டோடு சேர்த்து மதிப்பிட்டு, அந்த ஒரு கோப்பை வைத்தே எல்லா உதவிகளையும் முடிவு செய்தால், ஒரு தாய் அதே கதையை மேசைக்கு மேசை சொல்லத் தேவையில்லை.

இன்னொரு முடிச்சு வேலை. 300 வெள்ளி வாங்கும் இளைஞர் வேலைக்குப் போனால் அந்த உதவி நின்றுவிடும். 450க்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, போகக்கூடிய பிள்ளையையும் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வேலைக் கடிதம் வந்த வாரமே அதிகாரியிடம் காட்டி, இரண்டாவது பாரத்தையும் அன்றே கொடுப்பதுதான் இப்போதைக்கு வழி.

பினாங்கின் பிறை வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்து நோயில் விழுந்தவர்கள் ஜேகேஎம்முக்கு வருமுன், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவைப் பாருங்கள். வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாதவருக்கு, சந்தா நிபந்தனை பொருந்தினால், இயலாமை ஓய்வூதியம் உண்டு. அதற்கு சொக்சோவின் மருத்துவ வாரியம் தனியாகப் பார்க்கும். ஓகேயு கார்டு அங்கே செல்லாது.

சிறப்புக் கல்வி வகுப்பில் பிள்ளை வாங்கும் மாதம் 150 வெள்ளி பள்ளி முடிந்ததும் நின்றுவிடும். வேலை செய்ய இயலாதவருக்கான உதவியை 18 வயதில்தான் கேட்க முடியும். எனவே 17 வயதிலேயே பக்கத்து பிடிகே (சமூக மறுவாழ்வு) மையத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்து, மருத்துவ அறிக்கையைப் புதுப்பித்து, பிள்ளை பெயரில் பேங்க் கணக்கு திறந்து வையுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கு திறக்கத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிக்கிறது.